முதலில் விளக்கு, பிறகு வெல்டிங்: கையால் ஒரு சாப்பர் கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

நான் கட்டிய முதல் சாப்பரில், அதாவது வெட்டிக் குறைத்து ஃபோர்க் நீட்டிய மோட்டார் சைக்கிளில், விளக்கு வேலையைக் கடைசிக்குத் தள்ளியிருந்தேன். பெயின்ட் அடித்து, எல்லாவற்றையும் கோத்து, வண்டி ஓடத் தயாரான பிறகுதான் எல்இடி பட்டைகளை டேங்குக்கு அடியிலும் என்ஜினைச் சுற்றியும் ஒட்டினேன். ஒயர்களை சேஸின் அடிக்குழாயோடு சேர்த்து பிளாஸ்டிக் டை போட்டுக் கட்டினேன். பார்த்தவர்கள் எல்லாம் பிரமாதம் என்றார்கள். இரண்டாவது மாதம் என்ஜின் சூட்டில் பசை இளகி ஒரு பட்டை தொங்கியது. அது எக்ஸாஸ்ட் குழாயில் உரசி, ஒயரின் தோல் உருகி, ஃபியூஸ் போனது. அதே ஃபியூஸில் பின்விளக்கையும் சேர்த்திருந்தேன் என்பது அந்த இருட்டில்தான் ஞாபகம் வந்தது. பின்னால் ஒரு லாரி வந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று: வரிசை. எந்த விளக்கு எங்கே உட்காரும், அதன் ஒயர் எந்தக் குழாய்க்குள் போகும், எங்கே வெளியே வரும் என்பதை முதல் வெல்டிங் பொறி பறப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுகிறேன். சேஸ் குழாயை மூடி வெல்டு வைத்த பிறகு அதற்குள் ஒயர் நுழைக்க இடம் தேடுவது, வீட்டைக் கட்டி முடித்துவிட்டுக் கதவுக்குச் சுவரை உடைப்பது மாதிரி. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகிறது.

தாய்வண்டியை (வெட்டி மாற்றப் போகும் வண்டியை) தேர்ந்தெடுப்பது

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில், முக்கியமாகக் கலிஃபோர்னியாவில், பையன்கள் தங்கள் கனமான வண்டிகளிலிருந்து முன் மட்கார்டைக் கழற்றி, பின் மட்கார்டை அரிந்து, தேவையில்லாததை எல்லாம் தூக்கி எறிந்து ஓட்டினார்கள். அறுபதுகளில் கழுத்தின் (ஸ்டீயரிங் தண்டு நுழையும் சேஸ் குழாயின்) கோணத்தையும் மாற்றி, முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கையும் நீட்டியபோது இன்று நாம் சாப்பர் என்று சொல்லும் உருவம் வந்தது. பெயரே வெட்டுவதிலிருந்து வந்ததுதான். எதைச் சேர்க்கலாம் என்று யோசித்துக்கொண்டு தொடங்கினால் வண்டி திருவிழாத் தேராகிவிடும். எது இல்லாமல் ஓடும் என்று யோசித்துத் தொடங்குங்கள்.

முதல் வண்டி என்றால் காற்றில் குளிரும், கார்புரேட்டர் போட்ட, ஒற்றை அல்லது இரட்டை சிலிண்டர் என்ஜினை எடுங்கள். ரேடியேட்டர் வந்தால் அதை ஒளித்து வைக்க இடம் தேட வேண்டும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்தால் டேங்குக்குள் பம்ப், சென்சார்கள், கம்ப்யூட்டர் பெட்டி என்று வேலை இரட்டிப்பாகும். கையால் செய்யும் டேங்கில் பம்பைப் பொருத்துவது அடுத்த வண்டிக்கான பாடம்.

ஆவணங்கள் சுத்தமாக உள்ள வண்டியாகப் பாருங்கள். சேஸ் எண் பெரும்பாலும் கழுத்துப் பகுதியில்தான் அடிக்கப்பட்டிருக்கும். அந்தத் துண்டை அறுக்கவோ, சாணை பிடிக்கவோ, பட்டி பூசி மறைக்கவோ கூடாது. சேஸை மாற்றினால் மறு அனுமதி வேண்டுமா, எந்த நிற விளக்கு எங்கே எரியலாம் என்பவை இடத்துக்கு இடம் வேறுபடும். பதிவு அலுவலகத்தில் கிரைண்டரைத் தொடுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது சுவரில் முழு அளவுப் படம். பெரிய அட்டையையோ பிளைவுட்டையோ சுவரில் சாய்த்து, இரண்டு சக்கரங்களையும் உண்மையான விட்டத்தில் வரையுங்கள். என்ஜினைப் பக்கவாட்டில் நிறுத்தி அதன் உருவத்தை அப்படியே படியெடுங்கள். பிறகு நீங்கள் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்து, கை எங்கே வரும், கால் எங்கே நீளும் என்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். தரையிலிருந்து சேஸின் அடிக்கு 120 மி.மீட்டருக்குக் குறையாமல் இடம் விடுங்கள். சாப்பரில் கண் முதலில் பார்ப்பது கழுத்திலிருந்து பின் அச்சு வரை இறங்கும் கோட்டை. அந்தக் கோடு ஒரே ஓட்டமாக இறங்கினால் வண்டி நிற்கும்போதே அழகு. இடையில் உடைந்தால் எவ்வளவு குரோம் பூசினாலும் சரியாகாது.

இப்போது சிவப்புப் பென்சில் எடுங்கள். ஹெட்லைட், பின்விளக்கு, பிரேக் விளக்கு, நான்கு இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு, அலங்கார வெளிச்சம்: ஒவ்வொன்றையும் படத்தில் புள்ளியாக வையுங்கள். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் பேட்டரிக்கு ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோடு ஓடும் குழாய்கள் எவை என்று பெயரிடுங்கள். சேஸ் வேலையில் இந்தப் படம் திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

ரேக், டிரெயில்: கணக்குப் போடாமல் வெட்டாதீர்கள்

ஸ்டீயரிங் தண்டு செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி பின்னால் சாய்ந்திருக்கிறது என்பது ரேக். தண்டின் நடுக்கோட்டைத் தரை வரை நீட்டினால் அது ஓரிடத்தில் தொடும். முன்சக்கரம் தரையைத் தொடும் இடம் அதற்குச் சற்றுப் பின்னால் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரம் டிரெயில். தள்ளுவண்டியின் சின்னச் சக்கரம் நாம் தள்ளும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்வது இந்த டிரெயிலால்தான். குறைந்தால் கைப்பிடி உதறும். அதிகமானால் நேராக ரயில் மாதிரி போகும், ஆனால் மெதுவாகத் திருப்பும்போது முன்பக்கம் கல்லாகக் கனத்து ஒரு பக்கம் சாயும். பொதுவாக 100 முதல் 150 மி.மீ. வரை இருந்தால் ஓட்டலாம்.

கணக்கு இதுதான்: சக்கரத்தின் ஆரத்தை ரேக் கோணத்தின் டேன்ஜென்டால் பெருக்குங்கள். அதிலிருந்து, ஃபோர்க் ஆஃப்செட்டை (தண்டின் நடுக்கோட்டிலிருந்து முன் அச்சு முன்னால் தள்ளி இருக்கும் தூரத்தை) அதே கோணத்தின் கொசைனால் வகுத்து வருவதைக் கழியுங்கள். 21 அங்குல முன்சக்கரம், டயரோடு சேர்த்து ஆரம் சுமார் 340 மி.மீ., ஆஃப்செட் 60 மி.மீ. என்று வைப்போம்.

சாதாரண வண்டியின் 28 டிகிரியில்: 181 கழித்தல் 68, டிரெயில் 113 மி.மீ. நல்ல வண்டி. கழுத்தை 40 டிகிரிக்குச் சாய்த்தால்: 285 கழித்தல் 78, டிரெயில் 207 மி.மீ. சந்து திரும்பவே தோள் வலிக்கும். இதைக் குறைக்கத்தான் ஃபோர்க்கைக் கழுத்தைவிட 5 டிகிரி கூடுதலாகச் சாய்க்கும் டிரிபிள் ட்ரீ (ஃபோர்க் குழாய்களைக் கழுத்தோடு பிடிக்கும் தாங்கி) இருக்கிறது. ஃபோர்க் 750 மி.மீ. நீளம் என்றால் அந்த 5 டிகிரி அச்சை 65 மி.மீ. முன்னால் தள்ளும். ஆஃப்செட் 125 ஆகும். டிரெயில் 122 மி.மீட்டருக்கு வந்துவிடும்.

இங்கேதான் பலர் விழுகிறார்கள். கழுத்தை வெட்டாமல், தோற்றத்துக்காக மட்டும் அதே 5 டிகிரி ட்ரீயை 28 டிகிரி சேஸில் மாட்டினால் டிரெயில் 39 மி.மீட்டராகச் சுருங்கும். ஃபோர்க் நீண்டு தெரியும், சாப்பர் போலத் தெரியும், ஆனால் வேகம் பிடித்ததும் கைப்பிடி இரண்டு பக்கமும் அடிக்கத் தொடங்கும். சாய்ந்த ட்ரீ அழகுப் பொருளல்ல, டிரெயிலைத் திருத்தும் கருவி. இன்னொன்று: ஃபோர்க்கை நீட்டினால் கழுத்து மேலே எழும்பி ரேக்கும் கூடும். அதனால் அளப்பதை எப்போதும் ஓட்டுநர் எடையோடு, இரண்டு டயரிலும் காற்று நிரப்பி, வண்டி தரையில் நிற்கும்போது அளக்க வேண்டும்.

ஃபோர்க் குழாயின் மேல் திருகி மாட்டும் நீட்டுத் துண்டுகளை வாங்க வேண்டாம். முழு நீளத்தில் ஒரே குழாயாக வருவதை வாங்குங்கள். ஸ்பிரிங் வெளியே தெரியும் ஸ்பிரிங்கர் ஃபோர்க்கைக் கையால் செய்யும் ஆசை எனக்கும் உண்டு. அதை மூன்றாவது வண்டிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சேஸ்

குழாய் வாங்கும்போது 25 முதல் 32 மி.மீ. வெளிவிட்டம், 3 மி.மீ. கனம் உள்ள, மேண்ட்ரலில் இழுத்துச் செய்த மைல்டு ஸ்டீல் குழாயைக் கேளுங்கள். தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம். அதன் கனம் ஒரு சீராக இருக்காது. துத்தநாகம் பூசியதாக இருந்தால் வெல்டிங் புகை காய்ச்சலைக் கொண்டுவரும். குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த எஃகு) இலகுவானது, வலுவானது. ஆனால் அதற்கு வெல்டிங்கில் கை தேர்ந்திருக்க வேண்டும். முதல் சேஸுக்கு மைல்டு ஸ்டீல் தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும்.

குழாய்களை அசையாமல் பிடித்து வைக்கும் ஜிக் இல்லாமல் சேஸ் கட்டக்கூடாது. இரண்டு கனமான சதுரக் குழாய்களை இணைத்து மட்டமான மேடை, நடுவில் ஊசியால் கீறிய மையக்கோடு, பின் அச்சுக்கு ஒரு போலித் தண்டு, கழுத்தைப் பிடிக்க இரண்டு கூம்புகள்: இவ்வளவு போதும். ரசமட்டத்தால் மேடையைச் சரிபாருங்கள். கழுத்துக்குள் நீளமான நேர்க்கம்பியைச் செருகி, அது மையக்கோட்டின் மேல் விழுகிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். கழுத்தில் 1 மி.மீ. கோணல் என்றால் முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்தில் அது பல மடங்காகும்.

பின்பக்கத்தை ஷாக் இல்லாத ஹார்ட்டெயிலாகச் செய்வது எளிது, கோடும் அழகாக இறங்கும். அதற்கான விலையை முதுகு கொடுக்கும். தினமும் ஓட்டப் போகிறீர்கள் என்றால், பின்சக்கரத்தை மேலும் கீழும் ஆட விடும் ஸ்விங் ஆர்மை வைத்துக்கொண்டு ஷாக்கை ஒளிக்கும் வடிவத்தை யோசியுங்கள். ஹார்ட்டெயிலில் ஒரு வசதி உண்டு: பின் அச்சு மேலும் கீழும் ஆடாததால் செயின் தொய்வு மாறாது. மட்கார்டையும் டயருக்கு நெருக்கமாக வைக்கலாம். ஆனால் வேகத்தில் டயர் கொஞ்சம் பருக்கும் என்பதால் 20 மி.மீ. இடைவெளி விடுங்கள், அதுவும் செயினை இறுக்க அச்சு நகரும் முழு நீளத்துக்கும். அச்சுத் தகடுகள் 10 மி.மீ. கனத்துக்குக் குறைய வேண்டாம். இரண்டையும் ஒன்றாகப் பிடித்து ஒரே நேரத்தில் அரத்தால் அராவினால்தான் இரண்டும் ஒன்று போல வரும்.

குழாய்கள் சேரும் இடத்தில் ஒன்றின் முனையை மற்றதன் வளைவுக்கு ஏற்ப மீன்வாய் போல அறுக்க வேண்டும். தாளில் வார்ப்பு எடுத்துக் குழாயில் சுற்றிக் கீறி, கிரைண்டரில் அறுத்து, அரை வட்ட அரத்தால் முடியுங்கள். பொருத்திப் பிடித்தால் தாள் நுழையும் அளவுக்குத்தான் இடைவெளி இருக்கலாம். இடைவெளியை வெல்டிங் நிரப்பும் என்று நினைப்பவர் சேஸ் கட்ட வேண்டாம். நேர்க்குழாயில் ஒட்டுப் போட வேண்டி வந்தால் உள்ளே இறுக்கமாகச் செல்லும் 100 மி.மீ. நீள உள்குழாயை இரண்டு பக்கமும் பாதிப்பாதி செருகுங்கள். வெளிக்குழாயில் 8 மி.மீ. துளைகள் போட்டு, அவற்றை வெல்டால் நிரப்பி, நடு ஒட்டையும் சுற்றி வெல்டு வையுங்கள்.

இங்கே சிவப்புப் பென்சில் படத்தை எடுங்கள். ஒயர் ஓடும் குழாய்களில் துளைகளை இப்போதே போட வேண்டும். கழுத்தின் மேலோ, கழுத்துக்கு ஒட்டிய முதல் 80 மி.மீட்டரிலோ, குழாய் வளைவின் வெளிப்பக்கத்திலோ துளை வேண்டாம். விசை அதிகம் ஏறும் இடங்கள் அவை. துளைக்கு உள்ளும் புறமும் பிசிறு தட்டி, ஒரு வாஷரைச் சுற்றி வெல்டு வைத்து விளிம்பைக் கனமாக்குங்கள். பின்னால் ரப்பர் வளையம் அதில் உட்காரும். ஒயர் போகும் குழாயில் உள்குழாய் ஒட்டு வந்தால், அதுவும் நடுவில் துளை உள்ளதாக இருக்கட்டும். குழாயை மூடுவதற்கு முன் ஒரு நைலான் கயிற்றை விடலாமே என்று தோன்றும். வெல்டிங் சூட்டில் அது உருகிப் போகும். மெல்லிய இரும்புக் கம்பியை விட்டு வையுங்கள்.

வெல்டிங்குக்கு டிக் (டங்ஸ்டன் முனையும் வாயுக் காப்பும் கொண்ட வெல்டிங்) நல்லது. ஆர்கான் வாயு, இஆர்70எஸ்-2 நிரப்பிக் கம்பி. முதலில் ஒவ்வொரு ஒட்டிலும் நான்கு இடத்தில் டாக் (சின்னப் புள்ளி வெல்டு) அடியுங்கள். எல்லா அளவுகளையும் மூலைவிட்டங்களையும் மீண்டும் பாருங்கள். பிறகு 25 மி.மீ. இங்கே, 25 மி.மீ. எதிர்ப்பக்கம் என்று மாறி மாறிப் போனால் குழாய் ஒரு பக்கம் இழுக்காது. தண்ணீர் ஊற்றி ஆற வைக்காதீர்கள், சேஸின் ஒட்டுகளை மழுங்கச் சாணை பிடிக்கவும் செய்யாதீர்கள். உங்கள் வெல்டிங்கை நீங்களே முழுதாக நம்பவில்லை என்றால், டாக் வரை நீங்கள் செய்து, முழு வெல்டிங்கைத் தேர்ந்த கையில் கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஓர் எச்சரிக்கை: குழாயை பிரேக் கிளீனரால் துடைத்துவிட்டு வெல்டு வைக்காதீர்கள். குளோரின் கலந்த கிளீனர் ஆர்க்கின் வெளிச்சத்திலும் சூட்டிலும் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறும். அசிட்டோனால் துடைத்து, முழுதும் உலர விட்டுப் பிறகு பற்ற வையுங்கள்.

டேங்க்: தகடு பேசும் இடம்

கையால் செய்யும் பாகங்களிலேயே எனக்குப் பிடித்தது டேங்க்தான். முதலில் அட்டையில் செய்யுங்கள். சேஸின் முதுகுக்குழாய் மேல் அட்டைத் துண்டுகளை டேப் போட்டு ஒட்டி, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். மறுநாள் காலையில் மீண்டும் பாருங்கள். இரவில் அழகாகத் தெரிந்தது காலையில் பூசணிக்காயாகத் தெரியலாம். கொள்ளளவுக்கு, அட்டை வடிவத்தின் கன சென்டிமீட்டரை 1000 ஆல் வகுத்தால் லிட்டர்.

1.2 மி.மீ. மைல்டு ஸ்டீல் தகடு வசதியானது. மெல்லியதானால் அதிர்வில் விரிசல் விடும், 1.6 மி.மீட்டருக்கு மேல் போனால் கை சோர்ந்துவிடும். இரண்டு பக்கத் தகடு, மேல்தகடு, அடியில் முதுகுக்குழாய்க்கான சுரங்கம் என்று நான்காகப் பிரியுங்கள். உருண்ட பகுதியைத் தோல் மணல்பையின் மேல் வைத்துக் கொட்டாப்புளியால் அடியுங்கள். வெளி ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். நடுவிலேயே ஓங்கி அடித்தால் கிண்ணம் வராது, பள்ளம் வரும். பத்து அடிக்கு ஒரு முறை நிறுத்திக் கையால் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு விரல் நுனிக்குத் தெரியும். சுருக்கம் விழுந்தால் பட்டறைக்கல்லின் மேல் வைத்து மென்மையாகத் தட்டி உள்ளே தள்ளுங்கள். மேடு பள்ளத்தைப் பட்டியால் மறைக்கலாம்தான். ஆனால் 2 மி.மீட்டருக்கு மேல் பட்டி போனால் அது தகர வேலை இல்லை, சிற்ப வேலை.

உள்ளே ஒரு தடுப்புத் தகடு வைத்தால் பெட்ரோல் அலம்பாது. மூடியில் காற்றுத் துளை வேண்டும், இல்லையென்றால் சிறிது தூரத்தில் என்ஜின் தாகத்தில் நிற்கும். டேங்கை ரப்பர் புஷ்களின் மேல் உட்கார வையுங்கள். நேரடியாக இறுக்கினால் தாங்கி வெல்டு வைத்த இடத்தில் விரிசல் விழும். சோதிக்க, துளைகளை அடைத்து 2 முதல் 3 பி.எஸ்.ஐ. காற்று மட்டும் விட்டு, சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கம்ப்ரஸரை முழுதாகத் திறந்தால் டேங்க் பலூன் போல ஊதிவிடும். ஏற்கனவே பெட்ரோல் இருந்த டேங்கில், காலியாக இருந்தாலும், ஒருபோதும் வெல்டு வைக்காதீர்கள். ஆவி போதும் வெடிக்க.

மற்றவை, விரைவாக

ஹேண்டில்பாருக்கு 25.4 மி.மீ. விட்டம், 3 மி.மீ. கனக் குழாய். மிக உயரமான பார் படத்தில் நன்றாக இருக்கும். ஒரு மணி நேரம் ஓட்டினால் விரல் மரத்துப் போகும். கை தோளுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒயர் உள்ளே ஓடும் என்றால் வளைப்பதற்கு முன்பே துளை.

கால் கட்டுப்பாடுகளை முன்னால் நகர்த்தும்போது பிரேக் மிதியின் நெம்புகோல் விகிதம் மாறிவிடும். மிதி சுழலும் அச்சிலிருந்து கால் வைக்கும் இடம் வரை உள்ள தூரத்துக்கும், அதே அச்சிலிருந்து தள்ளுதண்டு மாட்டும் இடம் வரை உள்ள தூரத்துக்கும் உள்ள விகிதம் 4-க்கு 1 முதல் 6-க்கு 1 வரை இருக்கட்டும். பழைய சாப்பர்கள் பலவற்றில் முன் பிரேக்கே இருக்காது. அது துணிச்சல் இல்லை, அறியாமை. நிறுத்தும் வேலையில் பெரும்பங்கை முன் பிரேக்தான் செய்கிறது. டாட் 4 பிரேக் திரவத்தோடு சிலிக்கான் வகையான டாட் 5-ஐக் கலக்காதீர்கள்.

எக்ஸாஸ்ட்டை வண்டியிலேயே வைத்து டாக் அடித்து, பிறகு கழற்றி முழுதாக வெல்டு வையுங்கள். வளைவுக் குழாய் கிடைக்காத இடத்தில் நேர்க்குழாயை ஆப்பு வடிவத் துண்டுகளாக அறுத்துச் சேர்க்கலாம். வேலை அதிகம், ஆனால் வெல்டிங் வரிகளே அலங்காரமாகிவிடும். சூட்டுத்துணி சுற்றினால் ஈரம் உள்ளே நின்று குழாயை அரிக்கும் என்று தெரிந்தே சுற்றுங்கள். சைலன்சர் இல்லாத சாப்பரை அக்கம்பக்கத்தார் இரண்டு நாள்தான் ரசிப்பார்கள்.

விளக்கு

முதலில் மின்சாரக் கணக்கு. உங்கள் ஆல்டர்னேட்டர் எத்தனை வாட் தரும் என்று சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். 200 வாட் என்று போட்டிருந்தால் அது நல்ல வேகத்தில் சுழலும்போது தருவது. ஐடிலிங்கில் அதில் பாதி கிடைப்பதே கஷ்டம். இக்னிஷன், ஹெட்லைட், பின்விளக்கு எல்லாவற்றையும் கூட்டி, மிச்சத்தில்தான் அலங்காரம். கட்டி முடித்ததும் எல்லா விளக்கையும் போட்டு, என்ஜினை 2000 சுற்றில் வைத்து, பேட்டரி முனையில் மீட்டர் வையுங்கள். 13.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிம்மதி. 12.8-க்குக் கீழே இறங்கினால் வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டே ஓடுகிறது. சில பழைய வண்டிகளில் ஹெட்லைட் ஏசி மின்சாரத்தில் நேரடியாக எரியும். அங்கே எல்இடி மாட்டினால் சிமிட்டும். முதலில் முழு டிசிக்கு மாற்றுங்கள்.

ஃபியூஸ்களைப் பிரியுங்கள்: இக்னிஷனுக்கு ஒன்று, ஹெட்லைட்டுக்கு ஒன்று, பின்விளக்கு, பிரேக், இண்டிகேட்டருக்கு ஒன்று, அலங்காரத்துக்குத் தனியே ஒன்று. அலங்காரம் செத்தால் அது மட்டும் சாக வேண்டும். என் லாரி இரவுக்கு நான் கொடுத்த பதில் இந்த நான்காவது ஃபியூஸ்தான்.

ஹெட்லைட்டில் உள்ளே இருக்கும் பிரதிபலிப்பானையும் கண்ணாடியையும் கையால் செய்ய முயல வேண்டாம். 5¾ அங்குல ஆயத்த யூனிட்டை வாங்கி, அதன் வெளிக்கூட்டை மட்டும் நீங்கள் செய்யுங்கள். அளவு ஒத்து வரும் ஸ்டீல் கிண்ணம் ஒன்றின் விளிம்பில் தகட்டு வளையம் வெல்டு வைத்தால் அருமையான கூடு கிடைக்கும். ஓட்டுநர் ஏறி உட்கார்ந்த நிலையில், சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி, தாழ்ந்த ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் மையத்தைவிட சுமார் 10 செ.மீ. கீழே விழும்படி திருப்புங்கள். சாய்ந்த ஃபோர்க்கில் தாங்கியைக் கண்ணளவில் மாட்டினால் வெளிச்சம் மரக்கிளைக்குப் போகும்.

பின்விளக்கில் கை விளையாடலாம். நான் செய்யும் ஒரு முறையைச் சொல்கிறேன். 60 மி.மீ. பித்தளைக் குழாயில் 40 மி.மீ. நீளம் லேத்தில் கடைந்து, ஒரு முனையை மூடுகிறேன். உள்ளே வட்ட அச்சுப் பலகையில் 24 சிவப்பு எல்இடிகள், மூன்று மூன்றாகத் தொடர் இணைப்பில், மொத்தம் எட்டு வரிசை. சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட், காவல் டயோடு 0.7 எடுத்தது போக 13.7. மூன்று எல்இடிக்கு 6 வோல்ட். மீதி 7.7 வோல்ட்டை 20 மில்லி ஆம்பியரில் தாங்க 385 ஓம் வேண்டும். கடையில் கிடைப்பது 390 ஓம், அரை வாட். இது பிரேக் விளக்கு. அதே எல்இடிகள் மங்கலாகப் பின்விளக்காகவும் எரிய, பின்விளக்கு ஒயரில் இன்னொரு டயோடும் 270 ஓம் ரெசிஸ்டரும் சேர்த்தால், வரிசைக்கு 3 மில்லி ஆம்பியர்தான் போகும். பிரேக் பிடித்ததும் ஏழு மடங்கு கூடுவதால் பின்னால் வருபவருக்குச் சந்தேகமே வராது. அகலக் கோணத்தில் ஒளி பரப்பும் எல்இடியாக வாங்குங்கள். செய்து முடித்ததும் நண்பகல் வெயிலில் 30 மீட்டர் தள்ளி நின்று பாருங்கள்; அங்கே தெரியவில்லை என்றால் அது பொம்மை. முத்திரை பெற்ற விளக்குதான் வேண்டும் என்று விதி சொல்லும் இடத்தில், முத்திரை உள்ள சிறிய யூனிட்டை உங்கள் பித்தளைக் கூட்டுக்குள் உட்கார வைத்துவிடலாம்.

அலங்காரத்தில் எனக்குப் பிடித்தது விளிம்பு ஒளி. 8 மி.மீ. அக்ரிலிக் பலகையின் ஓரத்தில் எல்இடியை வைத்தால் ஒளி உள்ளேயே மோதி மோதிப் போகும், மேற்பரப்பு இருட்டாகவே இருக்கும். நீங்கள் கீறிய இடத்தில் மட்டும்தான் வெளியே கசியும். சீட்டுக்குப் பின்னால் நிற்கும் சிஸ்ஸி பார் நடுவில் இப்படி ஒரு பலகையை வைத்து, பின்பக்கத்தில் கோலம் போல ஊசிமுனையால் கீறினால், பகலில் வெறும் கண்ணாடி, இரவில் காற்றில் தொங்கும் கோடுகள். எல்இடி தொடும் விளிம்பை மட்டும் உப்புத்தாளால் 400-இலிருந்து 2000 வரை படிப்படியாகத் தேய்த்துப் பளிங்காக்க வேண்டும். ஓரம் சொரசொரப்பாக இருந்தால் ஒளி உள்ளே நுழையாமல் அங்கேயே சிதறிவிடும்.

இன்னொன்று, தகட்டில் 2 மி.மீ. துளைகளால் உருவம் வரைந்து, பின்னால் பால்வெள்ளை அக்ரிலிக், அதற்குப் பின்னால் வெளிச்சம். எண்ணெய்த் தொட்டியின் பக்கவாட்டில் இது எடுப்பாகத் தெரியும். என்ஜினுக்கு அடியிலிருந்து வெளிச்சம் விட நினைத்தால் மஞ்சள் சாயல் கொண்ட வெள்ளை போதும். உலோகத்தின் சூடு தெரியும். நீலமும் ஊதாவும் என்ஜினை மீன்தொட்டியாக்கிவிடும். நிறத்தில் ஒரு பொது ஒழுக்கம் உண்டு: முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு, இண்டிகேட்டர் ஆரஞ்சு. முன்னால் சிவப்போ, சிமிட்டும் நீலமோ அவசர வாகனமாகத் தெரியும். பல நாடுகளில் குற்றமும்கூட. எல்இடி இண்டிகேட்டர் படபடவென்று வேகமாக அடித்தால், பழைய ஃபிளாஷரை எலக்ட்ரானிக் ஃபிளாஷராக மாற்றுங்கள். நிமிடத்துக்கு 60 முதல் 120 வரை சரியான வேகம்.

பசையை மட்டும் நம்பி எதையும் மாட்டாதீர்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தகட்டில் ஒரு பள்ளமோ, வாய்க்காலோ, இரண்டு திருகோ இருக்கட்டும். சக்தி கூடிய எல்இடிக்குப் பின்னால் அலுமினியத் துண்டு வேண்டும். சூடு வெளியேறாவிட்டால் சீக்கிரம் மங்கும். ஒயர் இணைப்பைச் சால்டர் மட்டும் வைத்து விட்டால், சால்டர் ஊறி முடியும் இடத்தில் ஒயர் விறைத்து அதிர்வில் ஒடியும். கிரிம்ப் அடித்து, உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயால் மூடுங்கள். சேஸையே எர்த்தாக நம்பாதீர்கள். பெயின்டும் பவுடர் கோட்டிங்கும் மின்சாரத்தைத் தடுக்கும். எல்லா விளக்குக்கும் தனி எர்த் ஒயர் ஓட்டி, பேட்டரி அருகே ஒரே போல்ட்டில் சேருங்கள். பாதித் தொல்லை அங்கேயே தீரும்.

இரண்டு முறை கட்டுங்கள்

முழு வண்டியையும் பச்சை இரும்பிலேயே கோத்து, ஒயர் இழுத்து, ஓட்டிப் பார்த்த பிறகே பெயின்ட். மறந்த துளை, உரசும் மிதி, எட்டாத சாவி எல்லாம் இந்தக் கட்டத்தில் தெரியும். பெயின்டுக்குப் பிறகு துளை போடும் வலி தனி. பிரித்துப் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்பும்போது பேரிங் கிண்ணங்களையும் மரைகளையும் மூடச் சொல்லுங்கள். அந்தச் சூளை 180 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரை போகும் என்பதால் ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் உள்ளே இருக்கக்கூடாது. இழுத்துவிட்ட இரும்புக் கம்பி மட்டும் இருக்கட்டும். அதிக வலுவுள்ள போல்ட்டுகளைக் குரோம் பூசக் கொடுக்காதீர்கள். பூச்சு வேலையில் ஹைட்ரஜன் புகுந்து, திடீரென்று முறியும்.

முதல் ஓட்டம் காலி மைதானத்தில். 20 கி.மீ. வேகத்தில் எட்டு போடுங்கள். பிறகு முன்பிரேக், பின்பிரேக் தனித்தனியே. பிறகு 40, 60 என்று படிப்படியாக. ஒவ்வொரு வேகத்திலும் பிடியைத் தளர்த்திப் பாருங்கள், கையை எடுக்காமல். கைப்பிடி உதறினால் அன்று அவ்வளவுதான். டயர் காற்று, கழுத்து பேரிங் இறுக்கம், சக்கர வரிசை, டிரெயில் என்ற ஒழுங்கில் தேடுங்கள்.

அதிர்வைத் தாங்காத நட்டுகளுக்கு நடுத்தரப் பிடிப்புள்ள மரைப்பசை போடுங்கள். ஒவ்வொரு முக்கிய போல்ட்டையும் இறுக்கியதும் அதன் தலையிலிருந்து தகடு வரை மஞ்சள் பெயின்டில் ஒரு மெல்லிய கோடு. 80 கி.மீட்டரில் ஒரு முறை, 500-இல் ஒரு முறை, டார்ச் அடித்துக் கோடுகளைப் பாருங்கள். என் இரண்டாவது வண்டியில் 80-ஆவது கி.மீட்டரில் விலகியிருந்தது ஒரே கோடுதான்: பின்விளக்கின் பித்தளைக் கூட்டைப் பிடித்திருந்த போல்ட்.